கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிய கோபுரம்

“வலது கையைப் பின்னாடி வைங்க அக்கா! இடது கை மட்டும்தான்!”

ஜன்னலுக்கு வெளியே நின்றபோது ஏதோ பள்ளி ஆண்டு விழா ஒத்திகை என்றுதான் பட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன். முப்பது பேர் வட்டமாக நிற்கிறார்கள். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் துப்பட்டாவால் கண்ணைக் கட்டியிருக்கிறது. இடது கையால் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். பக்கத்தில் ஒருவர் மண்டியிட்டு, “கொஞ்சம் உன் பக்கம்… போதும்… இப்ப விடு” என்று காதருகே சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆறாவது கட்டை லேசாக ஆடுகிறது. அறையே மூச்சை அடக்கிக்கொள்கிறது. ஏழு நின்றது. எட்டும் நின்றது! ஒன்பதாவதை வைத்து விரலை எடுத்த நொடியில் எல்லாம் கடகடவென்று சரிய, முப்பது பேரும் ஒரே குரலில் “ஐயோ!” என்றார்கள். அடுத்த கணமே கைதட்டல். ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு நானும் தட்டினேன்.

தொழில் தொடங்க வங்கிக் கடன் கேட்கப் போகிறவர்களின் வகுப்பு அது. இடம், விழுப்புரத்தில் இந்தியன் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். வாய்க்குள் நுழையாத இந்தப் பெயரை இங்கே யாரும் முழுசாகச் சொல்வதில்லை. இன்ட்செட்டி என்பார்கள், அதையும் சுருக்கி ‘பேங்க் ட்ரெய்னிங்’ என்பார்கள். செய்தித்தாளின் உள்பக்கத்தில் ‘இலவச தையல் பயிற்சி, விண்ணப்பிக்கலாம்’ என்று நாலு வரியில் வருமே, அந்த இடம்தான். அந்த நாலு வரிக்குப் பின்னால் இவ்வளவு கூத்தும் கும்மாளமும் நடக்கிறது என்று எனக்கு இத்தனை வருடம் யாருமே சொல்லவில்லை!

திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் அம்மா வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டு எங்களைப் படிக்க வைத்தவர். ஆகவே ‘தையல் பயிற்சி’ என்றால் எனக்குத் தெரியாதது ஒன்றும் இருக்காது என்ற நினைப்பில்தான் பஸ் ஏறினேன். மதியத்துக்குள் அந்த நினைப்பு காணாமல் போய்விட்டது.

காலையிலிருந்து சொல்கிறேன். தங்கிப் படிப்பவர்கள் விடிந்ததும் எழுந்து யோகா செய்கிறார்கள், இடத்தைக் கூட்டிப் பெருக்குகிறார்கள். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி மூன்றுக்கும் காசு கிடையாது. பிறகு இறைவணக்கம். அதற்கப்புறம் வருவது எனக்கு ரொம்பப் பிடித்துப்போன சடங்கு. அதற்குப் பெயர் ‘மில்லி’. பால் அளக்கிற மில்லி என்று நினைத்துவிட வேண்டாம்! நேற்று கற்றதிலேயே முக்கியமான பாடம் எது என்பதை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அந்த ஆங்கிலச் சொற்றொடரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் மில்லி. நாடு முழுக்க இந்த வகைப் பயிற்சி நிலையங்கள் எல்லாவற்றிலும் காலையில் மில்லிதான்.

“நேத்து காஜா எடுக்கக் கத்துக்கிட்டேன்” என்று ஒரு பெண் ஆரம்பித்தார். “அது எல்லாரும் கத்துக்கிட்டதும்மா. உங்களுக்கு மட்டும் தோணினது எது?” என்றார் பயிற்சி தரும் மேடம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பெண் சொன்னார்: “மெஷினுக்கு எண்ணெய் போடறதுக்கும் நேரம் ஒதுக்கணும்னு தோணிச்சு. ரிப்பேர்காரர் வர்ற வரைக்கும் நாலு நாள் சும்மா இருந்தது ஞாபகம் வந்தது.” மேடம் கையைத் தட்ட, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இதற்கு முன் முப்பது பேர் நடுவில் எழுந்து நின்று பேசியே இராத முகம் அது. முதல் நாள் தன் பெயரைச் சொல்லவே பக்கத்திலிருந்தவர் பின்னால் ஒளிந்துகொண்டாராம்.

அடுத்து வளையம் எறிதல். திருவிழாக் கடையில் சோப்புப் பெட்டிக்காக வளையம் வீசுவோமே, அதே விளையாட்டு. தரையில் ஒரு முளை நட்டிருக்கிறது. அதிலிருந்து அடி அடியாகக் கோடு போட்டிருக்கிறது. எந்தக் கோட்டில் நிற்பது என்பது உங்கள் விருப்பம். தூரம் கூடக் கூட மதிப்பெண் கூடும், விழாவிட்டால் பூஜ்யம். எறிவதற்கு முன்பே எத்தனை மதிப்பெண் எடுப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விதி.

முளைக்கு மேலேயே குனிந்து வளையத்தைக் கையால் வைக்காத குறையாகப் போட்டார் ஒரு தம்பி. நாலுக்கு நாலு! ஆனால் கையில் வந்த மதிப்பெண்ணோ சொற்பம். மீசைக்காரர் ஒருவர் கடைசிக் கோட்டுக்குப் போய் நின்றுகொண்டு வீசினார், ஒன்றுகூட விழவில்லை. மூன்றாவதாக வந்த ஒரு பாட்டி… பாட்டி என்றால் கோபித்துக்கொள்வார், நாற்பதைத் தாண்டியவர், அவ்வளவுதான். நடுக்கோட்டில் நின்றார். முதல் வளையம் தப்பியது. அரை அடி முன்னால் வந்தார். விழுந்தது. மறுபடி அரை அடி பின்னால் போனார். விழுந்தது! “பார்த்தீங்களா, இவங்கதான் தொழில் பண்றவங்க” என்றார் பயிற்சியாளர் சார். துணிச்சல் இருக்கிறது, ஆனால் தன் கையின் நீளம் எவ்வளவு என்ற கணக்கும் இருக்கிறது. தப்பினால் எவ்வளவு நகர வேண்டும் என்பதும் தெரிகிறது. இதையே கரும்பலகையில் எழுதி ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்போம்.

இந்த வளையத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் மெக்லெலண்ட் என்றொரு உளவியலாளர். சாதிக்க வேண்டும் என்ற உந்துதல் பிறவியிலேயே வருவதா, பெரியவர்களுக்கும் அதைப் பயிற்சியால் ஊட்ட முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. வளையம் எறிய விட்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது அவர் கையாண்ட சோதனைகளில் ஒன்று. அந்தக் கேள்விக்கு விடை தேட அவர் தேர்ந்தெடுத்த ஊர் எது தெரியுமா? ஆந்திராவின் காக்கிநாடா! 1964-ல், ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து, அந்தத் துறைமுக ஊரின் சின்னச் சின்ன வியாபாரிகளைக் கூட்டி உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். முடியும் என்று விடை வந்தது. பழைய ஆசாரமோ உடுத்தும் உடையோ ஒருவர் தொழிலில் முன்னேறக் குறுக்கே நிற்பதில்லை என்றும் தெரிந்தது. 1969-ல் இது புத்தகமாகவும் வந்தது. இன்றைக்குத் தொழில்முனைவு என்று எங்கே பாடம் நடந்தாலும் காக்கிநாடா சோதனை என்ற பெயர் வரும். அந்த வளையம் உருண்டு உருண்டு நம் விழுப்புரத்துக்கு வந்து, பாட்டி என்றால் கோபித்துக்கொள்ளும் அந்த அம்மாளின் கையில் ஏறியிருக்கிறது. நினைக்க நினைக்க எனக்குப் புல்லரிக்கிறது!

மெக்லெலண்டிலிருந்து விழுப்புரத்துக்கு நடுவே இன்னொரு ஊர் உண்டு. கர்நாடகத்தில் தர்மஸ்தலாவுக்குப் பக்கத்தில் உஜிரே. 1982-ல் தர்மஸ்தலாவின் வீரேந்திர ஹெக்டே முன்னின்று, சிண்டிகேட் வங்கியையும் கனரா வங்கியையும் சேர்த்துக்கொண்டு, வேலையில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார். குறைந்த நாள், தங்கிப் படிப்பு, கட்டணம் இல்லை, முடிந்ததும் கடனுக்கு வழி, அதற்குப் பிறகும் விடாமல் தொடர்வது. இந்த ஐந்தும்தான் அதன் சூத்திரம். அது பலித்ததைப் பார்த்து, 2009-ல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாவட்டத்துக்கு ஒன்று என்று விரித்தது. மாவட்டத்தின் முன்னோடி வங்கி எதுவோ, அதுவே நடத்த வேண்டும். விழுப்புரத்துக்கு முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. இப்போது நாடு முழுக்க ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள்.

நம் வட்டாரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு, இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. 1901-ல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய வழக்கம் அது. ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு, ஊரிலுள்ள கம்பெனித் தொழிலாளிகளுக்குப் புதுத் திறமை, சிறு முதலாளிகளுக்கு வியாபார யோசனை என மூன்றையும் ஒரே வாசலில் கொடுக்கும் இடம். இந்தியாவில் அந்தப் பெயரோடு முதல் கல்லூரியை 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் திறந்தது. அதற்கும் முன்னால், 1974-ல், உழவர்களுக்குப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டின் முதலாவதும் அதே புதுச்சேரியில்தான் வந்தது. விழுப்புரத்திலிருந்து அங்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர்! கையில் வேலை உள்ள பெரியவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் யோசனை இரண்டு தடவை நம் பக்கத்து மண்ணில் முதலில் முளைத்திருக்கிறது. சென்னைக்கும் திருச்சிக்கும் போகும் வழியில் டீ குடிக்க நிற்கிற ஊர் என்று எங்களை நினைப்பவர்களுக்கு இதை நான் சத்தம் போட்டே சொல்வேன்.

வகுப்புக்குத் திரும்புவோம். அங்கே காகிதக் கப்பல் ஆரம்பித்துவிட்டது!

சார் ஒரு மேசையில் காகிதம் விற்கிறார். அவரே இன்னொரு மேசையில் கப்பல் வாங்குகிறார். இத்தனை நிமிடத்தில் எத்தனை கப்பல் செய்வீர்கள் என்று முதலில் சொல்லி, அதற்கு வேண்டிய காகிதத்தை விளையாட்டுப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். விசில் ஊதியதும் அறையில் காகிதச் சரசரப்பைத் தவிர வேறு சத்தமில்லை. நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு மடிக்கிறார்கள். சிறுவயதில் மழைத் தண்ணீரில் விட்டது, விரல் மறந்துபோச்சு என்று ஒருவர் தவிக்கிறார். மீசைக்காரர் இங்கேயும் இருபது தாளை அள்ளிக்கொண்டு போயிருந்தார். விசில் மறுபடி ஊதும்போது அவர் கையில் ஒன்பது கப்பல். அதில் மூன்றை சார் வாங்கவில்லை. “மூக்கு கோணல். என் கஸ்டமர் வாங்க மாட்டார்.” மீதிக் காகிதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். “சரக்கு வாங்கினது வாங்கினதுதான் தம்பி.”

மீசைக்காரர் தாளையும் கப்பலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்போன் பழுது பார்க்கும் கடை வைக்கப் போகிறவர் அவர். எவ்வளவு உதிரிபாகம் வாங்கிப் போடுவது என்ற கேள்வி மனசில் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். முகத்தில் தெரிந்தது.

என்னென்ன தொழில் என்று கேட்கிறீர்களா? தையல், அழகுக்கலை, செல்போன் பழுது, வீட்டு வயரிங், சிசிடிவி பொருத்துவது, கறவை மாடு, மண்புழு உரம், சணல் பை, மசாலாப் பொடி, துரித உணவு என்று நீளும். காளானுக்குப் பத்து நாள், தையலுக்கு ஒரு மாதம் என்று கணக்கு. காளான் வகுப்பென்றால், வைக்கோலை ஊற வைத்து, வேகவைத்து, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு உலர்த்தி, பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காளான் வித்து என்று நிரப்பிக் கட்டித் தொங்கவிடுவார்கள். பதினைந்து இருபது நாளில் பை முழுக்கப் பூஞ்சை வெள்ளையாகப் படரும். பிறகு துளைகளில் சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக எட்டிப் பார்க்கும். நெல் விளையும் ஊரில் வைக்கோலுக்கா பஞ்சம்! ஆனால் பறித்த காளான் ஒன்றிரண்டு நாளுக்குமேல் தாங்காது. யார் வாங்குவார்கள் என்று பறிப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எல்லாப் பாடமும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது.

அதற்காகவே ஒரு நாள் எல்லோரையும் கடைத்தெருவுக்குத் துரத்திவிடுகிறார்கள். நோட்டும் பேனாவுமாக நேருஜி சாலையிலும் பாகர்ஷா வீதியிலும் ஏறி இறங்க வேண்டும். நூல் கண்டு மொத்த விலையில் என்ன, சில்லறையில் என்ன, எந்த மாதம் கூட்டம், எந்த மாதம் ஈ ஓட்டுகிறீர்கள் என்று கடைக்காரர்களையே கேட்க வேண்டும். விழுப்புரத்துக் கடைத்தெருவுக்கு இதுவரை வாங்கப் போனவர்கள், அன்றைக்கு விசாரிக்கப் போகிறார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் துப்பறியும் கதையில் வருகிறவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசிக்கொள்வார்களாம். “அந்தக் கடையில கொக்கி பாக்கெட் ரெண்டு ரூபா கம்மி, தெரியுமா?”

இனி, நான் பஸ் ஏறி வந்ததற்கு நிஜமான கூலி கிடைத்த மத்தியான வகுப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அக்கா ஒருவரை மேடம் பலகைக்கு அழைத்தார். கோபுரத்தில் எட்டுக் கட்டை அடுக்கியவர் அவர்தான். ஏற்கெனவே வீட்டில் தைத்துக்கொண்டிருப்பவர்.

“லைனிங் ஜாக்கெட் ஒண்ணு தைக்க எவ்ளோ வாங்கறீங்க?”

“நூத்தி இருபது மேடம்.”

“செலவு சொல்லுங்க, எழுதறேன்.”

லைனிங் துணி 50. நூல் 5. கொக்கி 3. கரண்ட் 4. மொத்தம் 62. “அப்ப லாபம் அம்பத்தெட்டு” என்று அக்காவே கூட்டிக் கழித்துச் சொல்லிவிட்டு, பரவாயில்லையே என்பதுபோல் சிரித்தார்.

“ஒரு ஜாக்கெட்டுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?”

“வெட்டி, தைச்சு, எம்மிங் பண்ணி, கொக்கி வைச்சு… ரெண்டரை மணி நேரம்.”

“களை எடுக்கப் போனா என்ன குடுப்பாங்க உங்க ஊர்ல?”

“முந்நூறு. காலையில போனா ரெண்டு மணி வரைக்கும்.”

“ஆறு மணி நேரம்னு வைச்சுக்குவோம். மணிக்கு அம்பது. அப்ப ரெண்டரை மணி நேரத்துக்கு நூத்தி இருபத்தஞ்சு.” மேடம் 62-க்குக் கீழே 125 என்று எழுதினார். கோடு போட்டார். 187. “இது அடக்கம். லாபம் இன்னும் சேர்க்கவே இல்ல. நீங்க நூத்தி இருபதுக்குக் குடுக்கறீங்க. ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் கஸ்டமருக்கு நீங்கதான் அறுபத்தேழு ரூபா குடுத்து அனுப்பறீங்க.”

அறையில் யாரும் பேசவில்லை. அக்கா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, “என் கூலியை நான் எழுதவே இல்லையே” என்றார்.

என் அம்மாவும் எழுதவில்லை. ஐப்பசி மாதம் தீபாவளிக்கு முன்னால் எங்கள் திண்ணையில் துணி மலை மாதிரி குவியும். ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கத்தில் புரண்டால் மெஷின் சத்தம் கேட்கும். “கொடுக்கறதைக் கொடுங்க” என்பதுதான் அம்மாவின் விலைப்பட்டியல். தெரிந்தவர்களிடம் எப்படிக் கேட்பது? அம்மாவின் அந்த ராத்திரிகளுக்கு எந்த நோட்டிலும் ஒரு வரி கிடையாது. பலகையில் 125 என்று சாக்பீஸால் எழுதியிருந்த அந்த எண்ணை நான் என் நோட்டில் பெரிதாக எழுதி, சுற்றி வட்டம் போட்டுக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் நல்ல தையல்காரர் ஆகிவிட முடியுமா என்று கேட்டால், முடியாது என்றுதான் சொல்வேன். கழுத்து வளைவு சரியாக உட்கார வருடக்கணக்கில் கை பழக வேண்டும். ஆனால் விலை சொல்லத் தெரியாமல் இருபது வருடம் தைப்பவருக்கு அந்த மத்தியானம் ஒன்று போதும். இந்தப் பயிற்சியின் உயிர் தையல் மெஷினில் இருப்பதைவிட அந்தப் பலகையில் அதிகம் இருக்கிறது. விளம்பரம் போடுகிறவர்கள் ‘இலவச தையல் பயிற்சி’ என்று போடாமல் ‘உங்கள் கூலியைக் கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று போட்டால் எங்கள் தெருவிலிருந்தே பத்துப் பேர் கிளம்பி வருவார்கள்.

கணக்கு வந்துவிட்டால் அடுத்தது வங்கி. திட்ட அறிக்கை தயாரிக்கிறார்கள். மெஷின் விலை, மாதம் எத்தனை உருப்படி, தவணை எவ்வளவு, தவணை போக வீட்டுக்கு எவ்வளவு என்று எல்லாமே அவர்கள் கையாலேயே எழுதியது. முத்ரா கடனில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். பெரிதாகச் செய்கிறவர்களுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது. கிராமத்துப் பெண்களுக்கு அதில் திட்ட மதிப்பில் 35 சதவீதம் வரை மானியம். பிறகு நாடகம்! சார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மேனேஜர் ஆகிவிடுகிறார். பயிற்சி பெறுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி உள்ளே வர வேண்டும்.

“சொல்லுங்கம்மா, என்ன வேணும்?”

“லோன் சார்…”

“எதுக்கு?”

“தொழிலுக்கு சார்…”

“என்ன தொழில், எவ்ளோ வேணும், எப்படிக் கட்டுவீங்க? வெளிய போய்ட்டு மறுபடி வாங்க.”

மூன்றாவது தடவை வரும்போது அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஓவர்லாக் மெஷினோட சேர்த்து நாப்பத்தெட்டாயிரம் சார். மாசம் முப்பது ஜாக்கெட், பத்து சுடிதார் தைப்பேன். கணக்கு இதுல இருக்கு” என்று தாளை மேசையில் வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அடித்த விசிலில் மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கடன் விண்ணப்பத்தைக் கொடுக்கவே பயந்து மூன்று மாதம் பீரோவில் வைத்திருந்தார்கள். அவர்களை இந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைக்க மாட்டோமா என்று இருந்தது.

திரும்பும் வழியில் எங்கள் ஊரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நிலக்கடலை விவசாயிகளுக்கு டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்ற ரகப் பெயர்கள் தெரியும். டி.எம்.வி. என்றால் திண்டிவனம்! எங்கள் ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகங்களுக்கு ஊர்ப் பெயரே முன்னெழுத்து. எள்ளிலும் டி.எம்.வி. உண்டு. அதே ஊரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. சாகுபடியோடு, விளைந்ததைப் பண்டமாக மாற்றி விற்கும் பயிற்சியும் இப்படிப்பட்ட நிலையங்களில் நடக்கும்.

அதற்கு ஓர் உதாரணம்: ஒரே அடுப்பில் காய்ச்சிய பாகில் ஒரே கடலையைப் போட்டுச் செய்த இரண்டு கடலை மிட்டாய்ப் பாக்கெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மெழுகுவத்தியில் வாயை ஒட்டிய வெறும் கவர். மற்றதில் சீல் நேராக இருக்கிறது. எடை, செய்த தேதி, எத்தனை நாள் தாங்கும், என்னென்ன சேர்ந்திருக்கிறது, பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் என்று எல்லாம் அச்சிட்டிருக்கிறது. முதலாவது பெட்டிக்கடை பாட்டில் வரைக்கும் போகும். இரண்டாவது நெடுஞ்சாலைக் கடையின் அலமாரியில் ஏறும். மிட்டாய் மாறவேயில்லை! ஏற்கெனவே தொழில் செய்கிறவர்களுக்கு இப்படிச் சின்னச் சின்னத் திருத்தம் சொல்லும் ஆட்கள்தான் இன்னும் நிறைய வேண்டும் என்பது என் ஆசை. தமிழ்நாடு அரசின் வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில் ‘மதி சிறகுகள் தொழில் மையம்’ என்று இதற்காகவே திறந்தார்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, உரிமம், லேபிள், கடன் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் யோசனை. ஊரில் கைதேர்ந்த கொத்தனாரையோ எலக்ட்ரீஷியனையோ ஆசிரியராக்கி, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்க வைக்கும் சமுதாயத் திறன் பள்ளி என்ற ஏற்பாட்டையும் அதே திட்டத்தில் கொண்டுவந்தார்கள்.

பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்ததும் கதை முடிவதில்லை. இரண்டு வருடம் வரைக்கும் விடுவதில்லை என்பது உஜிரேயிலிருந்து வந்த வழக்கம். போன் வரும், சில சமயம் ஆளே வந்து நிற்பார். மெஷின் ஓடுகிறதா, கடன் கிடைத்ததா, எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்பார்கள். வளையம் வீசத் தெரிந்தவர்களுக்கும் முதல் வருடத்தில் கை நடுங்கும்தானே.

மூன்று மாதம் கழித்து மயிலம் போகிற வழியில் அந்த அக்கா வீட்டைத் தேடிக்கொண்டு இறங்கினேன். திண்ணையில் இரண்டு மெஷின். சுவரில் ஆணியடித்து மாட்டிய அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் விலைப்பட்டியல்: சாதா ஜாக்கெட், லைனிங் ஜாக்கெட், சுடிதார், ஃபால்ஸ். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அக்கா காபி போட உள்ளே போகும்போது தெருவிலிருந்து ஒருவர் துணிப் பையோடு வந்தார். சொந்தக்காரர்போல. பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, “லைனிங் வைச்சு ஒண்ணு தைச்சுடும்மா. அதே நூத்தி இருபதுதானே?” என்றார்.

அக்கா அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இருநூத்தி இருபது அத்தை.”

அத்தை அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையைக் கையில் எடுத்தார். அதிலிருந்து துணியை உருவி அக்கா கையில் போட்டார்.

“கழுத்து மட்டும் இறக்கி வைக்காத. வெள்ளிக்கிழமை கல்யாணம், வியாழக்கிழமையே வேணும்.”